மொமோமாருவின் வால் கீல்

தகாவோகா
2018 நவம்பர் 12

நாகாசே தம்பிக்கு,

குளிர் வந்துவிட்டது. உன் சலவைக் கடையில் கோட்டுகள் வந்து குவியும் மாதம், இடுப்பைப் பார்த்துக்கொள். இங்கே நானும் உன் அண்ணி சிசுவேயும் ஏதோ இருக்கிறோம். பஸ் ஓட்டுவதை விட்டால் ஓய்வாக இருக்கலாம் என்று நினைத்திருந்தேன். சும்மா உட்கார்ந்திருப்பதுதான் அதைவிட அலுப்பாக இருக்கிறது.

புது மொமோமாரு வந்து சேர்ந்தது. நாம் வாலிபர்களாக இருந்தபோது வந்த பறக்கும் அணில் பொம்மையை மறுபடி கொண்டுவர கம்பெனிக்காரனுக்கு இப்போதுதான் மனசு இரங்கியிருக்கிறது. பெட்டியைப் பிரித்தபோது இருந்த சந்தோஷம் கொஞ்ச நேரத்தில் போய்விட்டது. உள்ளங்கையில் அடங்குகிற பொம்மைக்கு இத்தனை இறுக்கமா? வயிற்றைத் திறந்து, தலையை உள்ளே தள்ளி, வாலை முதுகுப் பக்கம் மடக்கினால் அணில் ரோபோவாக வேண்டும். தலை எப்படியோ உள்ளே போகிறது. வால் கீல் அசையவே மாட்டேன் என்கிறது. பழையதில் 'டக்' என்று ஒரு சத்தம் வருமே, அதைத் திரும்பக் கேட்கத்தானே இத்தனை காலம் காத்திருந்தோம்?

நம் பொம்மைச் சங்கத்தின் 'மடிப்பு' இதழில் என் கருத்தாக இதைப் போடு: "வால் கீல் படுமோசம். குழந்தை கையில் கொடுத்தால் அழும்." ஓர் எழுத்தைக்கூட மாற்றாதே.

இப்படிக்கு, கடுப்பில் இருக்கும்
குசாகா மோரிஜி


ஒகாயாமா
நவம்பர் 25

குசாகா அண்ணனுக்கு,

கடிதம் கண்டேன். கம்ப்யூட்டரில் அடித்து அனுப்பியிருக்கிறீர்களே, என்ன ஆச்சு? தூரிகைப் பேனாவில் எழுதிய உங்கள் கையெழுத்தைப் பார்த்தால்தான் எனக்குக் கடிதம் வந்த மாதிரி இருக்கும். இதைப் பார்த்ததும் மின்சார பில் என்று நினைத்து ஓரமாக வைத்துவிட்டேன்.

கடையில் வேலை முதுகை முறிக்கிறது. அதற்கு நடுவில் செண்டாய் ஊரிலிருந்து நம் சங்கத்து இவாபுச்சி அம்மா வேறு போனில் பிடித்துக்கொண்டார். "பழசு முகம் திருட்டுத்தனமா சிரிக்கும். புதுசு பேங்க் கவுன்ட்டர்ல உக்காந்திருக்க மாதிரி இருக்கு. எழுதிக்கோ." பொம்மை கைக்கு வந்ததா என்று கேட்டேன். படத்தில்தான் பார்த்தாராம். "அம்மா, முதல் இதழ்லயே குசாகா அண்ணன் சட்டம் போட்டுட்டார், 'கை படாத கருத்து செல்லாது'ன்னு. வாங்கி மடக்கிப் பாத்துட்டுச் சொல்லுங்க" என்றேன். "அந்த மனுசனும் அவர் சட்டமும்" என்று போனை வைத்துவிட்டார்.

ஆனால் அண்ணே, என்னுடையதில் வால் கீல் இறுக்கமாக இல்லை. கொஞ்சம் தளர்வு என்றுகூடச் சொல்வேன். ஊதினால் விழுந்துவிடும் போலிருக்கிறது. உங்களுக்கு வந்ததுதான் பழுதோ என்னவோ. என்னுடையதை இத்துடன் அனுப்புகிறேன், மடக்கிப் பார்த்துவிட்டுச் சொல்லுங்கள். இதழ் பிப்ரவரியில்தான், அவசரமில்லை.

அண்ணியைக் கேட்டதாகச் சொல்லவும்.
நாகாசே தோஷிமி


தகாவோகா
2019 ஜனவரி 8

தம்பிக்கு,

புத்தாண்டு அட்டையும் அச்சில்தான் வந்தது என்று குறைப்பட்டுக்கொள்வாய். மகள் பிரின்டர் வாங்கித் தந்திருக்கிறாள், வீணாகக் கூடாது.

உன்னுடையதைத் திருப்பி அனுப்பியிருக்கிறேன். அதுவும் இறுக்கம்தான். நீ எதைத் தளர்வு என்கிறாய் என்று எனக்குப் புரியவில்லை. வயசானால் உனக்கும் புத்தி மழுங்கத்தான் செய்யும். நான் சொன்னதைச் சொன்னபடி போடு.

இங்கே பனி தள்ள ஆள் வைத்துவிட்டோம். வேறு விசேஷம் இல்லை.

குசாகா


ஒகாயாமா
பிப்ரவரி 17

அண்ணனுக்கு,

'மடிப்பு' இதழை இத்துடன் வைத்திருக்கிறேன். வழக்கம் போல ராத்திரி முழுக்கத் திறந்திருக்கும் கடையின் ஜெராக்ஸ் மெஷின் நடுவில் மக்கர் செய்தது. நான்காம் பக்கம் கோணலாக இருக்கும், கோபிக்க வேண்டாம்.

உங்கள் கருத்தை அப்படியே போட்டிருக்கிறேன். அதற்குக் கீழே நானும் எழுதியிருக்கிறேன்: "எனக்கு வந்ததும் அப்படித்தான். வால் கீல் மிக இறுக்கம்." யோசித்துப் பார்த்ததில் நீங்கள் சொன்னதுதான் சரி என்று பட்டது.

நீங்கள் அனுப்பிய மொமோமாரு பத்திரமாக வந்தது. வால் நுனியில் சின்னதாக ஒரு பல் தடம். எங்கள் வீட்டு நாய் கடித்திருக்கும், விடுங்கள்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள் அண்ணே. நிஜமாகவே சொல்கிறேன்.

தோஷிமி


தகாவோகா
மார்ச் 2

நாகாசேவுக்கு,

உன் வீட்டில் நாய் கிடையாது. ரோமம் ஒட்டினால் வாடிக்கையாளர் சண்டைக்கு வருவார்கள் என்று நீ ஒரு பூனையைக்கூட வளர்த்ததில்லை.

கடித்தது நான்தான். உனக்கும் அது தெரியும், தெரிந்துதான் நாயை இழுத்தாய். போன கோடையிலிருந்து விரல் நடுங்குகிறது. டாக்டர் அதற்கு ஒரு பெயர் சொன்னார். மாத்திரையும் உண்டு, பெரிதாகப் பிரயோஜனம் இல்லை. உன் பொம்மையை எடுத்து, அது நழுவ நழுவ, கடைசியில் வாலைப் பல்லால் பிடித்து இழுத்தேன். சிசுவே பார்த்துவிட்டாள். "ஏங்க, பசிக்குதா? சாதம் போடட்டுமா?" என்று கேட்டாள். சிரித்தாள், நானும் சிரித்தேன். அப்புறம் அடுப்பங்கரையில் அவள் மூக்கை உறிஞ்சிக்கொண்டிருந்தாள்.

அதெல்லாம் என் பாடு. எனக்கு ஆறாதது வேறு. அசல் நிறம் எது, முகம் சரியா, கீல் எப்படி என்று எத்தனை சண்டை போட்டிருக்கிறோம். ஒருமுறை நாகோயாவில் ஒரே மேஜையில் உட்கார்ந்து, பேசாமலே நூடுல்ஸ் சாப்பிட்டுவிட்டுப் பிரிந்தோம். ஆனால் ஒருத்தர் மனசுக்காக இன்னொருத்தர் 'மடிப்பில்' பொய் எழுதியதில்லை. இப்போது நீ எழுதிவிட்டாய். என்னைச் சண்டைக்குக்கூட லாயக்கில்லாதவன் ஆக்கிவிட்டாய்.

கை படாத கருத்து செல்லாது. சட்டம் நான் போட்டது, எனக்கும்தான். சங்கத்திலிருந்து என் பெயரை எடுத்துவிடு.

குசாகா மோரிஜி


ஒகாயாமா
மார்ச் 10

அண்ணே,

திட்டியது நியாயம். வாங்கிக்கொள்கிறேன்.

பல் தடத்தைப் பார்த்த அன்று வாடிக்கையாளர் கோட்டை மடியில் வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தேன். எப்படி எழுதினாலும் உங்களுக்கு வலிக்கும். அதனால் கையில் அகப்பட்ட பொய்யை எழுதிவிட்டேன். நாய்ப் பொய் அதிலும் மட்டம், ஒத்துக்கொள்கிறேன்.

பெயரை எடுக்க மாட்டேன். எனக்கும் அலுப்பாகத்தான் இருக்கிறது. நாள் முழுக்க இஸ்திரிப் பெட்டியின் ஆவி, வீட்டில் பேச ஆளில்லை. நீங்கள் படித்துவிட்டு 'முட்டாளே' என்று எழுதுவீர்கள் என்றுதான் இந்த இதழையே போடுகிறேன். நீங்களும் போய்விட்டால் நான் யாரோடு சண்டை போட?

இவாபுச்சி அம்மாவிடம் சொன்னேன், மன்னியுங்கள். முதல் இதழை எடுக்கச் சொன்னார். அப்புறம், "சட்டத்தை வாசி" என்றார். வாசித்தேன். "கை படணும்னுதானே இருக்கு? யார் கைன்னு எங்க இருக்கு? அந்த மனுசன் சட்டம் எழுதின லட்சணம் அவ்வளவுதான்" என்றார்.

நான் சொல்லவில்லை அண்ணே, அவர் சொன்னது.

தோஷிமி


தகாவோகா
மார்ச் 19

தோஷிமி,

இதைக் கையால்தான் எழுதுகிறேன். இரண்டு நாளாக எழுதுகிறேன். புரியாத இடத்தில் சிசுவேவுக்குப் போன் செய்து கேள், அவள் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறாள்.

அந்தப் பொம்பளைக்கு வாய் அதிகம். சட்டம் எழுதும்போது யார் கை என்று எவனாவது எழுதுவானா? ஆனாலும் எழுதவில்லைதான். பழைய இதழை எடுத்துப் பார்த்துவிட்டேன்.

அடுத்த இதழில் இதைப் போடு: "திருத்தம். புது மொமோமாருவின் வால் கீல் தளர்வு. இறுக்கம் குசாகாவின் விரலில் இருந்தது. நாகாசே எழுதியது பொய்." ஓர் எழுத்தைக்கூட மாற்றாதே.

ஏப்ரலில் கடையைப் பூட்டிவிட்டு வா. இங்கே கடலில் மின்மினிக் கணவாய் மீன் வரும் சமயம், சிசுவே மிசோ விழுதில் பிரட்டித் தருவாள். பல் தடம் பட்டதையே எடுத்து வா. என் காதோரம் வைத்து மடக்கு, அந்த 'டக்' எனக்குக் கேட்க வேண்டும். நீ எப்போதும் தலையைத் தள்ளுவதற்கு முன்னாலேயே வாலைத் திருப்பிவிடுவாய், முட்டாளே. பக்கத்தில் இருந்து திட்டிக்கொண்டே இருப்பேன். அதற்குக் கை வேண்டாம்.

வரும்போது உன் நாயையும் கூட்டிக்கொண்டு வா.

மோரிஜி