விரலில் ஒட்டிய வெண்துகள்

மருத்துவனாகிய மகனே, கேள்!

தொண்டைப் புற்றோடு போராடும் உன் தாயிடம், "மாத்திரை போடுறியாம்மா?" என்று வாரந்தோறும் கேட்டாய். அவள் தலையசைத்தாள். விழுங்க முடிகிறதா என்று நீ கேட்டதேயில்லை. முடியாததால், வலி தணிக்கும் அம்மாத்திரையை நானே இடித்துக் கரைத்துக் கொடுத்தேன். ஒவ்வொரு முறையும் மயங்கிச் சரிந்தாள். நோயின் கொடுமை என்றெண்ணினேன்.

இன்று அம்மாத்திரை வாங்கக் கடைக்குச் சென்றபோது, என் விரலில் ஒட்டியிருந்த வெண்துகளைக் கண்டு, இடித்ததை அறிந்து பதறியவர் மருந்தாளுநர் அம்மையார்.

"ஐயோ, இதை இடிக்கவே கூடாதுங்க ஐயா! நாள் முழுக்க மெல்ல ஏறுற மருந்து ஒரேடியா ஏறிடும். இதுக்குத் திரவ மருந்தே இருக்கு. உங்க மகன் எழுதிக் கொடுத்தா இப்பவே தர்றேன்."

மகன் மருத்துவன் என்று மேடைதோறும் முழங்கிய வாய் இன்று கூசுகிறது.

இம்மடலோடு உன்முன் நிற்பவர் அவரே. காக்க வைக்காதே. இக்கணமே எழுது, கையொப்பமிடு!

உன் தாயின் கணவன்.