உங்கள் பத்து விரல்களும் ஆறு வாளித் தக்காளியும்

மதினி,

இன்று காலை மொட்டை மாடியில் தக்காளிச் செடியின் பக்கக் கிளை ஒன்றைக் கிள்ளினேன். அந்தப் பச்சை வாடை விரலில் ஏறிக்கொண்டது. உங்களுக்குத் தெரியும், சோப்புப் போட்டாலும் அது லேசில் போகாது. அப்படியே டூட்டிக்குப் போனேன். வார்டில் ஒரு அம்மாவின் தலையணையைச் சரிசெய்யக் குனிந்தபோது, "என்ன சிஸ்டரு, தோட்டத்துல இருந்து நேரா வாறீகளோ?" என்று கேட்டார். அதற்குப் பிறகு எனக்கு எந்த வேலையும் ஓடவில்லை. மாத்திரைத் தட்டை எடுத்துக்கொண்டு பாதி தூரம் போய், யாருக்கு எடுத்தோம் என்று தெரியாமல் திரும்பி வந்தேன். வீட்டுக்கு வந்தும் இரண்டு தரம் மாடிக்கு ஏறி இறங்கிவிட்டேன். செடிக்கு ஒன்றுமில்லை. நன்றாகத்தான் இருக்கிறது. எனக்குத்தான் ஓர் இடத்தில் நிற்க முடியவில்லை. அதனால் எழுத உட்கார்ந்தேன்.

நீங்கள் என் வீட்டுக்கு வந்தது ஆடி மாதம். அண்ணன் இறந்த பிறகு நாம் நல்லது கெட்டதில் பார்த்துக்கொள்வதோடு சரி. நீங்கள் ஏழாயிரம்பண்ணைப் பக்கம் பட்டாசுக் கம்பெனியில் வேலை, நான் விருதுநகரில் நர்ஸ். ஒரே வயதுக்காரிகள் என்றாலும் முறைக்காக நான் மதினி என்பேன். நீங்கள் என் பேரை விட்டுவிட்டு எல்லோரையும் போல சிஸ்டரு என்பீர்கள், கொஞ்சம் கேலியாக. வைகாசியில் கம்பெனியில் உங்கள் பக்கத்து அறையில் வெடிமருந்து உரசித் தீப்பிடித்தது. வெளியே ஓடியிருந்தால் உங்களுக்கு ஒரு கீறல்கூட விழுந்திருக்காது. நீங்கள் திரும்பிப் போய், உள்ளே மாட்டிக்கொண்ட பேச்சியை இழுக்க இரண்டு கையையும் நீட்டினீர்கள். பேச்சி பிழைக்கவில்லை. உங்கள் கைகள் வெந்தன.

ஆஸ்பத்திரியில் தொடைத் தோலை எடுத்து ஒட்டி, புண் ஆறி நீங்கள் வந்தபோது விரல்கள் உள்பக்கமாக மடங்கி இறுகிப் போயிருந்தன. தினம் பஞ்சுப் பந்தை அழுத்த வேண்டும், மேஜை மேல் விரல்களை விரித்து வைக்க வேண்டும் என்று பயிற்சி சொல்லி அனுப்பியிருந்தார்கள். பந்து மூலையில் கிடந்தது. "மதினி, கையை விரிங்க" என்பேன். நீங்கள் சுவரைப் பார்ப்பீர்கள். உங்கள் மகள் திருப்பூரிலிருந்து போனில் அழுதாலும் அதே சுவர்தான். சோற்றை நான்தான் ஊட்டினேன். நான்கு வாய்க்கு மேல் நீங்கள் வாங்கியதில்லை.

ஒரு நாள் ரசத்துக்கு நாட்டுத் தக்காளி நறுக்கிக்கொண்டிருந்தேன். அழுகல் ஒன்றைத் தூக்கிப் போடப் போனபோது, நான்கு நாளாகப் பேசாத நீங்கள் வாய் திறந்தீர்கள்.

"அதப் போடாத. விதைக்கு ஆகும்."

"நான் எங்க போய் விதைக்க?"

"மாடி சும்மாதான கெடக்கு."

நீங்கள் கரிசல்காட்டுப் பெண். பருத்தியும் கம்பும் தெரியும், தக்காளி தெரியாது. எனக்கு எதுவுமே தெரியாது. சதையோடு விதையை ஒரு தம்ளரில் போட்டு இரண்டு நாள் வைத்தோம். வீடே புளித்து நாறியது. வடிகட்டிச் செய்தித்தாளில் காய வைத்தால், விதை அத்தனையும் தாளோடு ஒட்டிக்கொண்டது. சுரண்டப் போன என்னைத் தடுத்து, "தாளோட கிழிச்சு ஊனு, மொளைக்கட்டும்" என்றீர்கள். உடைந்த பிளாஸ்டிக் பேசினில் செம்மண்ணும் மணலும் மக்கிய சாணியும் கலந்து ஊன்றினோம். ஏழாம் நாள் வளைந்த முதுகோடு பத்திருபது முளைகள் எழுந்தன. எனக்குச் சந்தோஷம் தாங்காமல் காலையிலும் மாலையிலும் தண்ணீர் ஊற்றினேன். நான்காவது நாள் எல்லாம் அடித்தண்டு அழுகிச் சாய்ந்து கிடந்தன.

அன்றைக்குத்தான் உங்களுக்குக் கோபம் வந்தது. விபத்துக்குப் பிறகு வந்த முதல் கோபம்.

"நீ தள்ளு. நான் பாத்துக்கிடுதேன்."

"எப்படி? கையை வச்சுக்கிட்டா?"

"கையை வச்சுக்கிட்டுத்தான்."

இரண்டாம் முறை நீங்களே ஊன்றினீர்கள். விதையை எடுக்க விரல் நுனிகள் சேரவில்லை. சேர்ந்தாலும் உணர்ச்சி இல்லை. "இருக்கா, விழுந்துருச்சான்னே தெரியல" என்று ஒவ்வொரு தடவையும் கண்ணருகே கொண்டுபோய்ப் பார்த்தீர்கள். ஒட்டிய தோலுக்கு வெயில் ஆகாது என்பதால் பொழுது சாயும் வரை உங்களை மாடிக்கு விட மாட்டேன். நீங்கள் நான்கு மணியிலிருந்தே படியில் உட்கார்ந்திருப்பீர்கள். நாற்று நான்கு இலை விட்டதும் பெயிண்ட் வாளிகளுக்கு மாற்ற வேண்டும். கரண்டிக் காம்பை உங்கள் உள்ளங்கையோடு துணியால் கட்டச் சொன்னீர்கள். ஆறு வாளி, ஆறு நாற்று. முடிக்க ஒன்றரை மணி நேரமானது. புடவை முழுக்கச் சேறு. நான் பிடிக்கப் போனபோதெல்லாம் முழங்கையால் என்னை இடித்துத் தள்ளினீர்கள்.

அதற்குப் பிறகு பந்தைப் பற்றி நான் பேசவில்லை. மண்ணைக் கிளறினீர்கள், வேப்பெண்ணெய் கரைத்த தண்ணீரை இலைக்கு அடியில் தெளித்தீர்கள். அரிசி கழுவிய தண்ணீரைக்கூட வீணாக்கவில்லை. நம் ஊரில் குழாய்த் தண்ணீர் வரும் லட்சணம் தெரிந்ததுதானே. ஒரு சாயங்காலம் இளந்தண்டைத் தடவிக்கொண்டிருந்தவர் அப்படியே நின்றுவிட்டீர்கள்.

"ஏ சிஸ்டரு, இங்கன வா. இதுல முடி இருக்கு."

தக்காளித் தண்டில் பூனை முடி போல இருக்கும் சுணை. கண்ணால் பார்த்துச் சொல்கிறீர்கள் என்று நினைத்தேன். நீங்கள் கண்ணை மூடியிருந்தீர்கள். மூடிய கண்ணோடு தண்டின் மேலும் கீழும் ஆள்காட்டி விரலை ஓட்டி, "முடி இருக்குல்லா? இருக்குல்லா?" என்று திரும்பத் திரும்பக் கேட்டீர்கள். நான் உங்கள் கையைப் பிடித்துக்கொண்டு அழுதேன். "செடியை ஒடிச்சிராத" என்றீர்கள்.

புரட்டாசி வெக்கையில் முதல் பூக்கள் கொத்தாக உதிர்ந்தன. ஆஸ்பத்திரித் தோட்டக்காரர் பூங்கொத்தை விரலால் லேசாகச் சுண்டிவிடச் சொன்னார். சுண்டுவதற்கு விரல் மடங்கி, சட்டென்று நிமிர வேண்டும். நாலைந்து நாளாயிற்று உங்களுக்கு அது வர. வந்ததும் ஒரு பூ விடாமல் சுண்டினீர்கள். நான் தினம் உங்கள் கட்டைவிரலுக்கும் சுண்டுவிரலுக்கும் நடுவே அளவுநாடா பிடித்து நோட்டில் எழுதினேன். நான் பார்த்ததெல்லாம் விரல்களைத்தான். அதைத்தான் இப்போது சொல்ல வருகிறேன்.

காய் பிடித்துச் செடிகள் சாயத் தொடங்கிய ஒரு நாள், பழைய சேலையைக் கிழித்து நாடாவாக்கிக் குச்சியோடு சேர்த்துக் கட்டினோம். முடிச்சுப் போடுவதை நீங்கள் செய்தீர்கள். முடிச்சைப் பார்த்துக்கொண்டே சொன்னீர்கள்:

"சிஸ்டரு, தூரம் நின்னு ரெண்டு வருசமாச்சு எனக்கு. இப்பம் திரும்பப் படுது. இடுப்பும் விட்டுப்போற மாதிரி வலிக்கு."

நான் என்ன சொன்னேன் தெரியுமா மதினி?

"தின்ன மாத்திரையெல்லாம் சூடு. சரியாப் போகும். அந்தக் கட்டைவிரலை இன்னும் கொஞ்சம் விரிங்க."

மாதவிலக்கு நின்ற பெண்ணுக்கு மறுபடி ரத்தம் பட்டால் உடனே பரிசோதிக்க வேண்டும் என்பது நர்சிங் முதல் வருடம் படிக்கிற பிள்ளைக்கும் தெரியும். வார்டில் யார் சொல்லியிருந்தாலும் கையைப் பிடித்து இழுத்துப் போயிருப்பேன். நீங்கள் சொன்னபோது என் கண் கட்டைவிரலில் இருந்தது. நீங்கள் கட்டைவிரலை விரித்தீர்கள். அதற்கு மேல் அதைப் பற்றிப் பேசவில்லை.

தீபாவளிக்கு முந்தைய நாள் முதல் பழங்களைப் பறித்தோம். அணில் கொறித்தது போக, வெடித்தது போக, ஒரு சின்னக் கூடை. ஊரெங்கும் வெடிச் சத்தம். ஒவ்வொரு வெடிக்கும் உங்கள் தோள் அதிர்ந்தது. ஆனாலும் பறிப்பதை நிறுத்தவில்லை. அன்று ரசத்துக்கு நீங்களே பழத்தைப் புளித்தண்ணீரில் போட்டுக் கையால் பிசைந்தீர்கள். பத்து விரலும் மூடி, பத்து விரலும் திறந்தன. நான் தட்டை வைத்துக்கொண்டு உட்கார்ந்ததும் சொன்னீர்கள்:

"தீவாளி முடிஞ்சு ஒரு மாசத்துல கம்பெனி தெறப்பாக. நான் வேலைக்குப் போயிருவேன்."

"புத்தி கெட்டுப்போச்சா உங்களுக்கு? பேச்சி செத்தது மறந்துபோச்சா?"

"மறக்கல. தெனமும் அவ மொகந்தான்."

"பிறகு எதுக்குப் போகணும்?"

"இங்கன நான் சீக்காளி. அங்கன நான் ஒரு ஆளு. நாலு பொம்பளைக என்னைய எதிர்பார்த்துக்கிட்டு இருப்பாக."

"அப்போ மூணு மாசமா நான் விரலை நிமித்தினது மறுபடி மருந்துல கொண்டுபோய் வைக்கத்தானா?"

"நீ நிமித்துன, இல்லைங்கல. ஆனா விரலு என்னதுல்லா."

அந்தப் பதிலில் நியாயம் இருந்ததுதான் எனக்குப் பொறுக்கவில்லை. "போங்க, போய்ச் சாகுங்க" என்றேன். தட்டைத் தள்ளிவிட்டு எழுந்தேன். ரசம் தரையில் ஓடியது. நீங்கள் குனிந்து, அந்தக் கையாலேயே துடைத்தீர்கள். மறுநாள் காலை துணிமணியை மஞ்சள் பையில் வைத்துக்கொண்டு பஸ் ஏறிவிட்டீர்கள். வாசல் வரைக்கும்கூட நான் வரவில்லை.

அதன் பிறகு நமக்குள் இருந்த பேச்சு ஒரே ஒரு வார்த்தைதான். எங்காவது கம்பெனியில் விபத்து என்று செய்தி வந்தால் உடனே உங்களுக்குப் போன் போடுவேன். எடுத்து, "இருக்கேன்" என்பீர்கள். வைத்துவிடுவீர்கள். அந்த ஒரு வார்த்தையில் நான் அடுத்த விபத்து வரை மூச்சு விட்டுக்கொண்டிருந்தேன். உங்களுக்கு ஆபத்து அந்தக் கம்பெனி அறைகளில் மட்டும்தான் இருக்கிறது என்று நம்பியிருந்தேன்.

ஒன்றரை வருடம் கழித்து, கம்பெனி வேனில் மயங்கி விழுந்த உங்களைக் கூட வேலை பார்க்கும் பெண்கள் என் ஆஸ்பத்திரிக்கே தூக்கி வந்தார்கள். பாவாடை முழுக்க ரத்தம். கர்ப்பப்பை வாயில் புற்று, பரவிவிட்டது என்று டாக்டரம்மா சொன்னபோது என் காதில் விழுந்தது வேறு: சேலை நாடா கிழிபடும் சத்தம். மதுரையில் கரண்டு, அதாவது கதிர்வீச்சு, வைத்தார்கள். நான்கு மாதம் தாங்கினீர்கள்.

கடைசி வாரத்தில் ஒரு மத்தியானம் தைரியம் வரவழைத்துக்கொண்டு கேட்டேன். "மதினி, அன்னைக்கு மாடியில சொன்னீங்க. ரத்தம் படுதுன்னு. நான் காதுல வாங்கலை. என்னை மன்னிச்சிருங்க."

நீங்கள் என் பக்கம் முகத்தைத் திருப்பினீர்கள்.

"சொன்னேனா? எனக்கு நெனப்பு இல்லையே சிஸ்டரு."

"சொன்னீங்க மதினி."

"இல்ல. நான் ஒண்ணும் சொல்லல. நீ போட்டுக் கொழப்பிக்காத. தண்ணி குடு."

வலி மருந்தில் உண்மையாகவே மறந்துவிட்டீர்களா? எனக்காக மறந்தீர்களா? அந்த முகத்தை எத்தனையோ முறை நினைத்துப் பார்த்துவிட்டேன். ஒரு நாள் ஒரு பதில் வருகிறது, மறுநாள் இன்னொன்று. 'போய்ச் சாகுங்க' என்று சொன்னதற்கும் சேர்த்து மன்னிப்புக் கேட்க நினைத்திருந்தேன். நீங்கள் தண்ணீர் கேட்டதால் எழுந்து போனேன். திரும்பி வந்தபோது தூங்கிவிட்டீர்கள். பிறகு அதைக் கேட்க வாய்க்கவில்லை.

உங்கள் அடக்கத்துக்கு ஒரு வேன் நிறையப் பெண்கள் வந்தார்கள். ஜெபம் முடிந்து எல்லோருக்கும் காப்பி கொடுத்தோம். தம்ளரை நீட்டும்போது என் வாய் தானாகக் கேட்டது: "உங்களுக்கு யாருக்காவது இந்த மாதிரி இருக்கா? தூரம் நின்ன பிறகு படுறது, நடுவுல படுறது?" துக்க வீட்டில் கேட்கிற கேள்வியா அது? சிலர் தலையைக் குனிந்துகொண்டார்கள். ஒருத்தி சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திச் சிரித்தாள். எல்லோரும் வேனில் ஏறிய பிறகு மாரியம்மாள் என்கிற பெண் மட்டும் செருப்பை விட்டுவிட்டேன் என்று இறங்கி வந்தாள். செருப்பு அவள் காலிலேயே இருந்தது.

"எனக்கு ரெண்டு மாசமா இருக்கு சிஸ்டரு. ஆருகிட்டச் சொல்லன்னு தெரியல" என்றாள்.

மறுநாளே கூட்டிக்கொண்டு போனேன். ஆரம்பத்திலேயே பிடித்துவிட்டார்கள். ஆபரேஷன் முடிந்து இப்போது நன்றாக இருக்கிறாள். உங்கள் அறையில்தான் வேலை பார்க்கிறாள். அவளைப் பார்க்கும்போது சந்தோஷமாக இருக்கிறது. அதே நிமிஷம், உங்களையும் இப்படித்தானே கூட்டிக்கொண்டு போயிருக்கலாம் என்று தோன்றி, அங்கே நிற்க முடியாமல் நகர்ந்துவிடுகிறேன்.

இப்போதெல்லாம் லீவு நாளில் ஏழாயிரம்பண்ணைக்குப் பஸ் ஏறிவிடுகிறேன். சாயங்காலம் கம்பெனி விட்டு வேன்கள் நிற்கும் இடத்தில் பெண்களிடம் பேச்சுக் கொடுக்கிறேன். மாரியம்மாளும் கூட நிற்பாள். கை வேலையைப் பார்த்துக்கொண்டே நான் யாரிடமும் இப்போது பேசுவதில்லை. முகத்தைப் பார்த்துக் கேட்கிறேன். "எனக்கென்ன சிஸ்டரு, நல்லாத்தான் இருக்கேன்" என்றுதான் எல்லோரும் முதலில் சொல்கிறார்கள்.

நான் போவதில்லை மதினி. வேன் கிளம்புகிற வரைக்கும் அங்கேயே நிற்கிறேன்.