நான் உட்கார்ந்து பார்க்காத வரிசை

மார்ச் 3, செவ்வாய்

வண்டியை விற்றுவிடலாம் என்று சாப்பிடும்போது மறுபடி ஆரம்பித்தாள் என் மனைவி. காது கேட்காதவன்போலத் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தேன். "டம்ளர் காலியாகி ரொம்ப நேரமாச்சு" என்றாள். இவளிடம் என் நடிப்பு எதுவும் செல்லுபடியாகாது.

ஏழு பேர் உட்காரும் வண்டியில் இரண்டு பேர் போகிறோம். அதுவும் எங்கே? நான் என் மெத்தைக் கடைக்கு, அவள் காய் வாங்க. பெரியவள் கல்யாணமாகி வேறு ஊரில். நடுவன் வேறு நாட்டில். கடைக்குட்டியும் போன வருஷம் வேலை கிடைத்துப் போய்விட்டாள். சின்ன வண்டி போதும் என்கிறாள். அவள் சொல்வது நியாயம்தான். நியாயமாக இருப்பதுதான் எரிச்சலாக இருக்கிறது.

மார்ச் 5, வியாழன்

பெரியவள் போன் செய்தாள். விற்பனை விளம்பரத்தில் வண்டியோடு வாழ்ந்தவரின் கருத்து என்று நாலு வரி போட வேண்டுமாம். "மறைக்காம எழுதுங்கப்பா. குறையையும் சொன்னாதான் நம்புவாங்க." ஆக, அம்மாவும் மகளும் பேசி முடித்தாயிற்று. இந்த வீட்டில் எது நடந்தாலும் எனக்குத்தான் கடைசியில் தெரியும்.

சரி, எழுதித் தொலைக்கிறேன்.

ஓட்டுபவர் இருக்கை – ராஜா மாதிரி உட்காரலாம். சாலை முழுக்கக் கண்ணுக்குக் கீழே.

பெட்ரோல் – கேட்காதீர்கள்.

ஏசி – முன்னால் இருப்பவருக்குப் போர்வை வேண்டும், பின்னால் இருப்பவருக்கு விசிறி வேண்டும்.

நடு வரிசை – மூன்று பேர் உட்காரலாம். எங்களுக்கு இரண்டு பெண்களும் நடுவில் ஒரு பையும். பையை எடுத்தால் சண்டை வரும்.

சத்தம் – கதவை மெதுவாகச் சாத்தினால் சாத்தாது, ஓங்கிச் சாத்தினால் தெருவே திரும்பிப் பார்க்கும்.

மூன்றாவது வரிசை – தாராளம். பெரியவர்களும் வசதியாக உட்காரலாம்.

மார்ச் 6, வெள்ளி

மச்சினன் போனில் குதித்தான். பெரியவள் நான் எழுதியதைக் குடும்பத்தில் எல்லோருக்கும் அனுப்பிவிட்டாளாம்.

"மூணாவது வரிசை தாராளமா? மனசாட்சி இருக்கா மாமா? என் முட்டி என் தாடைய இடிச்சுக்கிட்டே ஊரெல்லாம் சுத்தினேன்!"

இவன் என் மனைவியின் தம்பி. பனைமரம்போல வளர்ந்தவன். படிக்க வந்து எங்களோடு தங்கினான், பிறகு வேலை, பிறகு 'கல்யாணம் ஆகட்டும், போறேன்' – நாற்பத்தைந்து வயதுவரை ஆகவில்லை. பிள்ளைகளோடு பிள்ளையாக எங்கள் வீட்டிலேயே இருந்தான். வண்டியில் அவனுக்கும் நடுவனுக்கும் கடைசி வரிசை.

"நீ சின்னப் பையன்டா, அட்ஜஸ்ட் பண்ணிக்குவ" என்றேன்.

"கடைக்கு வர்றவங்ககிட்ட, படுத்துப் பாக்காம மெத்தை வாங்காதீங்கன்னு தலைபாடா அடிச்சுக்குவீங்களே. நீங்க ஒரு தடவையாச்சும் அங்க உக்காந்து பாத்திருக்கீங்களா?"

இல்லை. எப்படி உட்காருவேன்? நான்தானே ஓட்டினேன்.

மார்ச் 8, ஞாயிறு

ஒரு தரகர் வந்தார். டயரை உதைத்தார், கதவைத் தட்டினார். "பெரிய வண்டி சார், யானையைக் கட்டித் தீனி போடற வேலை" என்றார். பின் இருக்கையை நிமிர்த்தச் சொன்னார். மடக்கி வைத்து வருஷக்கணக்காகிறது, அழுத்தி இழுத்ததில் படாரென்று எழுந்தது. அடியில் ஒரு சிவப்பு ஹேர்கிளிப். கார்ப்பெட்டில் வெயிலுக்கு உருகி ஒட்டிப்போன பச்சை கிரேயான். பிஸ்கட் தூள்.

"உள்ள ஒரே அழுக்கா இருக்கே" என்றார்.

அழுக்காம்! வண்டி விற்பனைக்கு இல்லை, போயிட்டு வாங்க என்று அனுப்பிவிட்டேன். அவள் வாசலில் நின்று என்னையே பார்த்தாள். திட்டுவாள் என்று நினைத்தேன். திட்டவில்லை. கிளிப்பை வாங்கிக் கழுவித் தன் தலையில் செருகிக்கொண்டாள்.

மார்ச் 9, திங்கள்

கடையில் கூட்டமில்லை. காட்சிக்குப் போட்ட மெத்தையில் சாய்ந்துகொண்டு பெட்ரோல் பங்க் கதையை நினைத்துச் சிரித்துக்கொண்டிருந்தேன். கடைப்பையன் ஒருமாதிரி பார்த்தான்.

வண்டி கிளம்புமுன் ஆளுக்கொரு எண் சொல்ல வேண்டும், அதுதான் எங்கள் வழக்கம். நான் ஒன்று, அவள் இரண்டு, பெரியவள் மூன்று, நடுவன் நான்கு, கடைக்குட்டி ஐந்து, மச்சினன் ஆறு. யாரும் திரும்பிப் பார்க்க மாட்டோம். ஆறு வந்தால் கியர் போடுவேன்.

நடுவன் வண்டியில் ஏறினாலே தூங்குகிறவன். அவன் குரலில் 'நாலு' என்று சொல்லக் கடைக்குட்டி பழகியிருந்தாள். ஒரு நாள் பங்க்கில் நிறுத்தினோம், கழிப்பறைக்குப் போனவர்கள் திரும்பினார்கள். "மூணு" என்று பெரியவள் வாந்தி மாத்திரை மயக்கத்தில் முனகினாள். அண்ணன் பின்னால் தூங்குகிறான் என்று நினைத்துக் கடைக்குட்டி "நாலு" என்றாள், பிறகு தன் குரலில் "அஞ்சு" என்றாள். கண்ணை மூடியபடியே மச்சினன் "ஆறு". கிளம்பிவிட்டோம்.

ரொம்ப தூரம் போன பிறகுதான் பிஸ்கட் கொடுக்க என் மனைவி திரும்பினாள். நாலாம் நம்பர் இல்லை. அய்யோ என்று அவள் போட்ட சத்தம் இன்னும் காதில் இருக்கிறது. வண்டியைத் திருப்பிக்கொண்டு பறந்தோம். காற்று அடிக்கிறவர் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தான் பயல். கண்ணெல்லாம் சிவந்து போயிருந்தது. அவன் கேட்ட முதல் கேள்வி – "என் நம்பர யாரு சொன்னது?"

பக்கத்தில் இடம் காலியாக இருந்ததே, உனக்குத் தெரியவில்லையா என்று மச்சினனைப் பிடித்து உலுக்கினேன். "கால் நீட்ட இடம் கிடைச்சுதேன்னு சந்தோஷப்பட்டேன் மாமா. ஏன்னு யோசிக்கல" என்றான்.

அன்றிலிருந்து எண்ணி முடித்த பிறகு அவள் ஒரு தடவை திரும்பிப் பார்ப்பாள். இப்போதுகூட, பின்னால் யாரும் இல்லாத வண்டியில். எனக்கு ஒன்றும் தெரியாது என்று நினைத்துக்கொண்டு செய்வாள்.

எப்படி விற்பது இதை?

மார்ச் 14, சனி

வண்டியைக் கழுவினேன். அவள் இருக்கைக்குக் கீழே பிளாஸ்டிக் முக்காலி. முன்பு குளியலறையில் கிடந்ததுதான். அதன் காலில் கயிறு கட்டியிருந்தது.

"இது என்ன?"

"ஏறத்தான்."

"எதுல?"

"ஆங், ஆகாசத்துல. வண்டியிலதான். முட்டி மடங்க மாட்டேங்குது. இத கீழ போட்டு ஏறி, கயித்தப் புடிச்சு உள்ள இழுத்துப்பேன்."

"எனக்குத் தெரியவே தெரியாதே!"

"நீங்க கண்ணாடியச் சரி பண்ணி, சீட்டச் சரி பண்ணி, பாட்டுப் போட்டு முடிக்கறதுக்குள்ள நான் ஏறிடுவேன்."

ஒரு வருஷமாகவாம். கயிறு கட்டும் அளவுக்கு யோசித்திருக்கிறாள், என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஏன் சொல்லவில்லை என்று கத்தினேன். "சொன்னா உடனே வித்துடுவீங்க, அப்புறம் ஒரு மூலையில மூஞ்சியத் தூக்கி வச்சுக்கிட்டு உக்காருவீங்க. அதப் பாக்க என்னால ஆகாது. நீங்களா மனசு வந்து விக்கணும்னு பாத்தேன். எனக்கு மட்டும் இது போகணும்னு ஆசையா?" நான் ஹோஸை எடுத்து, ஏற்கனவே கழுவிய பக்கத்தையே கழுவிக்கொண்டிருந்தேன்.

மார்ச் 15, ஞாயிறு

விற்கிறோம்.

மார்ச் 18, புதன்

மச்சினன் வந்தான். "வெளியில குடுக்காதீங்க மாமா. நானே எடுத்துக்கறேன்."

போன வருஷம்தான் அவனுக்குக் கல்யாணம் நடந்தது. நர்ஸ். கணவரை இழந்தவள், மூன்று பிள்ளைகள். ஒரே நாளில் அப்பாவாகிவிட்டான் பயல். ஒரு ஸ்கூட்டரை வைத்துக்கொண்டு திண்டாடுகிறான். விலையை அக்காவும் தம்பியும் பேசிக்கொள்ளட்டும் என்று நான் எழுந்து போய்விட்டேன்.

"ஒரே ஒரு கண்டிஷன்" என்றான் போகும்போது. "முதல் ரவுண்டு நான் ஓட்டணும். நீங்க மூணாவது வரிசை."

மார்ச் 25, புதன்

வண்டியை மெக்கானிக்கிடம் காட்டினேன். உள்ளே சுத்தம் செய்யவா என்று கேட்டார். கிரேயான் இருக்கட்டும் என்றேன்.

மார்ச் 29, ஞாயிறு

காலையில் மச்சினன் குடும்பத்தோடு வந்தான். முக்காலியை நானே கீழே வைத்து, அவள் கையைப் பிடித்து முன் இருக்கையில் ஏற்றிவிட்டேன். "ரொம்பத்தான் அக்கறை" என்றாள், ஆனால் கையை உடனே விடவில்லை. நடுவில் மச்சினனின் மனைவியும் இரண்டு பையன்களும். பிறகு நான் குனிந்து, மடங்கி, ஏதோ குகைக்குள் நுழைவதுபோல மூன்றாவது வரிசைக்குப் போனேன். பக்கத்தில் கடைசிப் பெண். ஐந்து வயதிருக்கும்.

முட்டி உண்மையிலேயே தாடையை இடிக்கிறது. ஜன்னல் ஒரு கைக்குட்டை அளவுதான். காற்று வரவே இல்லை. தாராளம் என்று எழுதிய கையை என்ன செய்வது?

ஆனால் ஒன்று. அங்கிருந்து பார்த்தால் எல்லோருடைய பின்னந்தலையும் தெரிகிறது. ஒருவன் சாய்வது, ஒருவன் அண்ணனை இடிப்பது, அவள் தலையில் அந்தச் சிவப்பு கிளிப். அத்தனை வருஷம் ஓட்டியும் எனக்குத் தெரிந்ததெல்லாம் சாலைதான். குடும்பம் முழுவதையும் பார்த்துக்கொண்டு வந்தவர்கள் அந்த இரண்டு தூங்குமூஞ்சிகளும்தான்.

"மாமா, தூங்கணும்னா தூங்குங்க" என்று காதோடு சொன்னாள் குட்டி. அப்பனுக்கும் நான் மாமா, மகளுக்கும் மாமா. "உங்க நம்பரையும் நானே சொல்லிடறேன். அப்பா கதை சொல்லியிருக்காரு."

"வேணாம் தாயி. விட்டுட்டுப் போயிடுவாங்க."

முன்னாலிருந்து மச்சினன் தொண்டையைச் செருமினான். அத்தனை வருஷம் ஆறாக இருந்தவன். "ஒண்ணு" என்றான். "ரெண்டு" என்றாள் என் மனைவி. மூணு, நாலு, அஞ்சு வந்தது. குட்டி கத்தினாள், "ஆறு!"

எங்கள் வண்டியில் ஆறோடு முடிந்துவிடும். அதற்குமேல் யாரும் எண்ணியதே இல்லை.

"ஏழு" என்றேன்.

அவள் திரும்பிப் பார்த்தாள். நான் கையைத் தூக்கிக் காட்டினேன். அப்புறம்தான் அவன் வண்டியை எடுத்தான்.