தெரிஞ்ச ஆள்ட கார்

மச்சான்,

இன்று காலை இறாக்கையின் மேல்தட்டிலிருந்து உன் பச்சைப் பெயின்ட் டின்னை எடுத்தேன். மூடி இறுகிப் போயிருந்தது. ஸ்குரூ டிரைவரால் நெம்பித் திறந்தால் மேலே பாலாடை மாதிரித் தடித்த தோல். அதைக் கிழித்ததும் அந்த வாசம் வந்தது, வள்ளத்துக்குப் பூசுகிற பெயின்டின் மூக்கைத் துளைக்கிற வாசம். சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு, தூரிகையைக் காதில் செருகிக்கொண்டு, என்னை ஏசியபடி நீ வந்து நின்றாய்.

நீ போய் ஒரு வருடத்துக்கு மேலாகிறது. இத்தனை நாளும் அந்த டின்னைத் தொட மனம் வரவில்லை. தொட வைத்தவர் கபூர் நானா. உன் மேல் எனக்கு ஒரு கோபம் வந்தது, அதையும் சொல்லத்தான் எழுதுகிறேன். குறுக்கே கதைக்காமல் கேள். இப்போதாவது நான் சொல்லி முடிக்கலாம் அல்லவா.

நான் வள்ளத்து எஞ்சின் திருத்துகிறவன், நீ மீன் லொறி ஓட்டுகிறவன். சண்டைக்காலத்தில் யாழ்ப்பாணத்திலிருந்து கடல்வழியாக வந்து மாம்புரியில் ஒதுங்கிய எனக்கு, கற்பிட்டியில் பிறந்து வளர்ந்த நீ எப்படிச் சினேகிதன் ஆனாய் என்று ஆட்கள் கேட்பார்கள். எனக்கும் சரியாகத் தெரியாது. நடுவழியில் நின்றுபோன உன் லொறியை ஒருநாள் பார்த்துக் கொடுத்தேன். அடுத்த ஞாயிறு நீ ஒரு கூடை சூடை மீனோடு வந்தாய். அதன் பிறகு ஞாயிறு என்றால் நீ என் வளவில்தான். தென்னைகளுக்கு நடுவே தகரக் கொட்டில் ஒன்று போட்டோம். பழைய வாகனங்களைக் கழற்றிப் பூட்டுவது எங்கள் இரண்டு பேருக்கும் பிடித்த பைத்தியம்.

அந்த ஒஸ்டின் காரை நீ மறந்திருக்க மாட்டாய். என் ஊர்க்காரர் ஒருவருடையது. மாதா கோயிலில் எனக்குப் பக்கத்து வாங்கில் இருப்பவர், என் தகப்பனைத் தெரிந்தவர், இந்தப் பக்கத்தில் எனக்கு ஊர் என்று மிச்சமிருந்த ஒரே முகம். அவருடைய காரைத் திருத்தித் தருகிறோம் என்று வாங்கிக் கொட்டிலுக்குள் விட்டோம். கழற்றுவது எங்களுக்குப் பெருநாள் மாதிரி, பூட்டத்தான் நேரம் கிடைக்கவில்லை. ஒரு மழைக்காலம் போய் இன்னொரு மழைக்காலமும் வந்தது. பின் சீட்டில் என் வீட்டுக் கோழி அடைகாத்துக் குஞ்சும் பொரித்தது. அவர் முதலில் கேட்டார், பிறகு கேட்பதை விட்டார், பிறகு வருவதையும் விட்டார். ஒருநாள் நாங்கள் இல்லாத நேரத்தில் லொறி பிடித்து வந்து காரை ஏற்றிக்கொண்டு போனார். சண்டை முடிந்து சனம் வடக்கே திரும்பத் தொடங்கியபோது அவரும் திரும்பினார். "போயிட்டு வாறன்" என்று ஒரு சொல் சொல்லவில்லை. அந்தக் கிழமை முழுக்க எனக்குச் சோறு இறங்கவில்லை.

அப்போதுதான் நீ சட்டம் போட்டாய்.

"தெரிஞ்ச ஆள்ட காரை வளவுக்குள்ள எடுக்க வாணாம் மச்சான். காரு போகாது, ஆளு போயிரும்."

அதற்குப் பிறகு யார் கேட்டாலும் நீயே முன்னுக்கு நின்று மறுப்பாய். முன்பின் தெரியாதவன் எந்தக் குப்பையைத் தள்ளிக்கொண்டு வந்தாலும் எடுப்போம், தெரிந்தவனுக்குத் தேத்தண்ணி மட்டும்தான். நானும் அதை அப்படியே பிடித்துக்கொண்டேன்.

சரி, கபூர் நானாவின் கதைக்கு வருகிறேன். உன்னால்தான் எனக்கு அவரைத் தெரியும். உப்பளத்தில் மேற்பார்வையாளராக இருந்து இளைப்பாறியவர், பாலாவிப் பக்கம் உப்பு வயல்களை ஒட்டிய வீடு. உன் ஜனாஸா அடக்கத்தன்று மையவாடியில் எந்தப் பக்கம் நிற்பது என்று தெரியாமல் தடுமாறிய என்னைத் தோளில் பிடித்துத் தன் பக்கத்தில் நிறுத்தினார். அன்றிலிருந்து மீன் வாங்க மாம்புரிக்கு வருகிற ஒவ்வொரு முறையும் என் வீட்டில் இறங்காமல் போவதில்லை. வந்து இருந்து உன்னைப் பற்றிக் கதைப்பார். உன்னைப் பற்றி என்னோடு கதைக்க இப்போது இருக்கிற ஒரே ஆள் அவர்.

போன மாதம் அவர் வெறுங்கையோடு, மீன் பையும் இல்லாமல் வந்தார். அவருடைய வாப்பாவின் மொரிஸ் மைனர் கார் இருக்கிறதே, பெருநாளைக்கு மட்டும் வெளியே எடுப்பாரே, அதன் அடிப்பக்கம் துருப்பிடித்து இறங்கிவிட்டதாம். நகரத்தில் ஒரு கராஜில் காட்டியிருக்கிறார். இரும்புக்குப் போடச் சொல்லிவிட்டார்களாம். உங்கட வளவுல வச்சுப் பாக்க ஏலுமா என்று கேட்டுவிட்டு, கேட்டதே பிழை என்கிற மாதிரி நிலத்தைப் பார்த்துக்கொண்டு இருந்தார்.

நான் வாய் திறக்க முன்னால் உள்ளே இருந்த என் மனைவி முந்திக்கொண்டாள்.

"கோழிக்கு இன்னொரு கூடு வேணுமெண்டால் நான் பலகையில அடிப்பிப்பன். காரொண்டும் தேவையில்லை" என்றாள்.

அவள் சொன்னதில் பிழை இல்லை. எனக்கு அந்தக் காரைப் பற்றிப் பயம் இல்லை மச்சான், அவரைப் பற்றித்தான் பயம். கார் மாதக்கணக்கில் கிடந்து அவர் வருவதை நிறுத்திவிட்டால் உன்னைப் பற்றிக் கதைக்க எனக்கு யார் இருக்கிறார்கள்? ஆனால் அந்த முகத்தைப் பார்த்து மாட்டேன் என்று சொல்லவும் வாய் வரவில்லை. ஒருமுறை பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்று சொல்லி, அடுத்த ஞாயிறு பாலாவிக்குப் போனேன்.

சாக்கை விரித்துக்கொண்டு காருக்குக் கீழே போனேன். டோர்ச்சை அடித்ததும் முதலில் கண்ணில் பட்டது பச்சை.

சாரதியின் காலடியில் ஒரு தகரம் ஒட்டியிருந்தது. ஒட்டின் ஓரம் முழுக்க வள்ளத்துப் பச்சை. ஒட்டு வலப்பக்கமிருந்து இடப்பக்கம் ஓடியிருந்தது. இந்தப் பிரதேசத்தில் இடக்கையால் வெல்டிங் பிடித்துவிட்டு, அதன் மேல் வள்ளத்துப் பெயின்ட் பூசுகிற விசரன் நீ ஒருவன்தான். நான் கீழே கிடந்தபடியே உன்னைக் கெட்ட வார்த்தையால் ஏசினேன். கபூர் நானா பயந்துபோய்க் குனிந்து பார்த்தார்.

பிறகு அவரே எல்லாவற்றையும் சொன்னார். மகளின் பிரசவத்துக்கு நான் யாழ்ப்பாணம் போய் நின்ற காலத்தில் நடந்த வேலையாம் அது. அதுதானே, லொறியின் பின்கதவுக்கு ஒட்டவேண்டும் என்று என் வெல்டிங் பிளான்டை வாங்கிக்கொண்டு போனாய்! பின்கதவு எப்படி இருக்கிறது என்று கேட்டபோது "சோக்கா இருக்கு" என்றாய். எனக்குச் சட்டம் போட்டவன் எனக்குத் தெரியாமல் என் பிளான்டைக் கொண்டே சட்டத்தை உடைத்திருக்கிறாய். அதைவிட, என்னை விட்டுவிட்டுச் செய்தாயே என்பதுதான் எனக்குச் சுட்டது. எனக்கு அழுகையே வந்தது, உண்மையைச் சொல்கிறேன்.

ஏன் மறைத்தான் என்று கேட்டேன். கபூர் நானா உன்னிடம் வாக்குக் கொடுத்திருந்தாராம். இனி அந்த வாக்கு யாருக்கு என்று நினைத்தாரோ என்னவோ, சொன்னார்.

"ரெண்டு பேருமா செஞ்சு தாங்க எண்டுதான் நான் கேட்டன். அவரு வாணாம் எண்டுட்டாரு. 'அவனுக்கு இங்க ஆளுங்க கொறவு நானா. ஊர் மனுசன் ஒத்தர் போனதே அவனுக்குப் போதும். நாளைக்கி இந்தக் காரு வேல பிழையாப் போனா நீங்க என்னோட கோவிங்க, அவன்ட ஊட்டுக்குப் போறத உட்டுராதீங்க' எண்டாரு."

நான் அந்தச் சாக்கிலேயே உட்கார்ந்துவிட்டேன். அந்தச் சட்டத்தை நீ நம் நேரம் வீணாவதற்காகவோ கோழிக்குஞ்சுக்காகவோ போட்டாய் என்றே இத்தனை காலமும் நினைத்திருந்தேன். சோறு இறங்காத அந்தக் கிழமையில் என் முகத்தை நீ பார்த்திருக்கிறாய். நான் ஒன்றுமே சொல்லவில்லையே உன்னிடம். படுபாவி.

கோபம் அத்தோடு தணிந்தது. வேலை தணியவில்லை. திரும்பக் கீழே போய்ப் பார்த்தேன். நீ ஒட்டிய தகரம் திடமாகத்தான் இருந்தது. அதைச் சுற்றியிருந்த காரின் இரும்புச் சட்டத்தில் விரலை வைத்தேன், விரல் உள்ளே போனது. கடற்காற்று இப்படி ஒரே சீராகத் தின்னாது. காரை எப்படிக் கழுவுகிறீர்கள் என்று கேட்டேன். அவர் பெருமையோடு சொன்னார். நீ சொன்ன மாதிரியே, வெள்ளிக்கிழமை ஜும்மாவுக்குப் போக முன்னால், குழாயை அடியில் பிடித்து நன்றாக அடித்துக் கழுவுவாராம், ஒரு கிழமையும் தவறவிட்டதில்லையாம். எந்தத் தண்ணீர் என்றேன். கிணற்றைக் காட்டினார்.

ஒரு கை அள்ளி வாயில் வைத்தேன். சவர். உப்பு வயலுக்குப் பக்கத்துக் கிணற்றில் வேறு என்ன ஊறும்? அவர்கள் குடிப்பதும் சமைப்பதும் குழாய்த் தண்ணீர், கழுவுவதெல்லாம் கிணற்றுத் தண்ணீர்.

எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. மீன் லொறியில் ஐஸ் உருகி ஒழுகுகிற உப்புத் தண்ணீர் அடியைத் தின்னும் என்று நீ கிழமைக்குக் கிழமை கழுவுவாய். உன் வீட்டுக் கிணறு இளநீர் மாதிரி. கற்பிட்டி மணலில் எங்கே தோண்டினாலும் நல்ல தண்ணீர். அதனால் கழுவச் சொன்னவன் தண்ணீரைப் பற்றி யோசிக்கவே இல்லை. அந்த மனுசன் உன் சொல்லைத் தட்டாமல் வெள்ளிக்கு வெள்ளி தன் வாப்பாவின் காருக்கு உப்பு ஊட்டியிருக்கிறார்.

இதை அவரிடம் சொல்வதா? கடற்காற்று என்று சொல்லிவிட்டு வந்திருக்கலாம். உன் பெயர் அப்படியே இருந்திருக்கும், உனக்காக அவர் கேட்கிற துஆவில் ஒரு கறையும் விழுந்திருக்காது. ஆனால் நான் புதுத் தகரம் ஒட்டினால் அதையும் அவர் வெள்ளிக்கிழமை கழுவுவார். நீ இருந்திருந்தால் என்ன செய்வாய் என்று யோசித்தேன். யோசிக்க என்ன இருக்கிறது? "நானா, பிழை என்ட" என்று சொல்லிவிட்டு அடுத்த மூச்சில் தேத்தண்ணி கேட்டிருப்பாய். அதனால் உனக்குப் பதிலாக நான் சொன்னேன்.

"நானா, அவன் கழுவச் சொன்னது சரி. தண்ணி பிழை. என்ன தண்ணியெண்டு அவன் கேட்டிருக்கவேணும், கேக்கேல்லை."

அவர் கிணற்றுக் கட்டில் போய் இருந்தார். காரைப் பார்த்தார், கிணற்றைப் பார்த்தார். இந்த ஆளும் என்னை விட்டுப் போய்விட்டார் என்றே நினைத்தேன். பிறகு அவருடைய தோள் குலுங்கியது. அழுகிறார் என்று பக்கத்தில் போனால், சிரிக்கிறார், கண்ணும் நிரம்பியிருக்கிறது.

"அவரு லொறிக்காரரு, அவர உடுங்க. வாழ்நாள் முழுக்க உப்பளத்துல நிண்டவன் நான். எனக்கே உப்பு வெளங்கல்லயே" என்றார்.

அந்த இடத்திலேயே காரை எடுக்கிறேன் என்று சொன்னேன். ஒன்று மட்டும் கேட்டேன். காரை விட்டுவிட்டுப் போகக்கூடாது, வேலை நடக்கிற நாளெல்லாம் அவரும் வந்து கூட நிற்கவேண்டும். ஒஸ்டின்காரர் வெளியே நின்று காத்திருந்தார். இவர் உள்ளே நிற்கட்டும்.

உழவு இயந்திரத்தில் கட்டி இழுத்து வந்தோம். என் மனைவி வாசலில் நின்று கோழிகளை எண்ணுகிற மாதிரிப் பார்த்தாள். மூன்றாவது ஞாயிறு மூன்று கோப்பைத் தேத்தண்ணி கொண்டுவந்து வைத்துவிட்டுத் தானும் ஒரு கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு இருந்தாள். கபூர் நானாவின் வீட்டுக் கூரைக்குக் கீழே இப்போது மழைத்தண்ணீர் பிடிக்க பிளாஸ்டிக் பரல்கள் நிற்கின்றன, கார் கழுவவென்று.

இன்று காரின் இரும்புச் சட்டத்தில் முதல் தகரத்தை ஒட்டி முடித்தேன். அதற்குத்தான் உன் டின். உன் ஒட்டுக்குப் பக்கத்தில் என் ஒட்டு, அது வலமிருந்து வருகிறது, இது இடமிருந்து போகிறது. ஓரத்தில் பச்சை பூசப் போனபோது கபூர் நானா தானும் சாக்கை விரித்துக்கொண்டு உள்ளே வந்தார். அந்த வயிற்றோடு எப்படி நுழைந்தார் என்று அல்லாவுக்குத்தான் தெரியும். தூரிகையை என் கையிலிருந்து வாங்கி, நீ ஒட்டிய தகரத்துக்கு மேலே இன்னொரு பூச்சுப் பூசினார். பெயின்ட் சொட்டி அவருடைய தாடியில் விழுந்தது. அப்படியே கிடந்து உன்னைப் பற்றி ஒரு கதை சொல்லத் தொடங்கினார், எனக்குத் தெரியாத ஒரு கதை.

பூட்ட இன்னும் நிறைய இருக்கிறது. எப்போது முடியும் என்று அவரும் கேட்பதில்லை, நானும் சொல்வதில்லை. உன் சட்டத்தில் பாதி சரிதான் மச்சான். கார் இன்னும் போகவில்லை.

ஆளும் போகவில்லை.