தூணுக்குப் பின்னால் ஐம்பது ரூபாய் இருக்கை

கிழக்குத் தாம்பரம்
20-11-2006

என் அருமை மகள் ஜோசலினுக்கு,

ஆண்டவருடைய இரக்கத்தால் நானும் அப்பாவும் இதுவரை சுகம், கொசுக்கடியையும் அப்பாவின் வறட்டு இருமலையும் விட்டுவிட்டுச் சொன்னால். அங்கே மஸ்கட்டில் நீயும் மாப்பிள்ளையும் குழந்தையும் சுகமாயிருக்க தினமும் முழங்காலில் நிற்கிறேன். நைட் டூட்டி முடிந்து வந்ததும் சாப்பிடாமல் படுத்துவிடாதே, உன் குரலே போனில் வற்றிப்போய்க் கேட்கிறது. இங்கே பத்து நாளாக மழை. முடிச்சூரில் நாம் வாங்கிப் போட்ட மனையில் முழங்கால் அளவு தண்ணீர் நிற்கிறதாம், அப்பா போய்ப் பார்த்துவிட்டு நம் மனையில் தவளைகள் குடியேறிவிட்டன என்று சிரித்துக்கொண்டே வந்து சொல்கிறார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. எதைப் பார்த்தாலும் எரிச்சலாகத்தான் இருக்கிறது, அதற்குக் காரணம் நீதான், உன் பேச்சைக் கேட்டு சனிக்கிழமை நான் பட்ட பாட்டைப் போனில் இரண்டு நிமிஷத்தில் சொல்ல முடியாது என்றுதான் எழுத உட்கார்ந்தேன்.

போன கடிதத்தில் என்ன எழுதியிருந்தாய் என்று உனக்கு நினைவிருக்கும். தம்பி வேலை செய்கிற நாடகத்தை ஒரே ஒரு தடவை போய்ப் பார் அம்மா, டிக்கெட் ஐந்நூறு ஆயிரம் என்றால் விடு, தினமும் காலை எட்டு மணிக்கு அன்றைய ஆட்டத்துக்கு மட்டும் ஐம்பது ரூபாயில் நாற்பது டிக்கெட் தருகிறார்களாம், ஆபேல் எனக்குச் சொன்னான் என்று எழுதியிருந்தாய். ஆபேல் உனக்குச் சொல்வான், அப்பாவுக்குச் சொல்வான், எனக்குச் சொல்ல மாட்டான். ஏன் சொல்வான்? காட்டாங்குளத்தூரில் நாலாவது வருஷம், ஒரே ஒரு செமஸ்டர் பாக்கி இருக்கும்போது எஞ்சினியரிங்கை விட்டுவிட்டு நாடகக் கம்பெனியில் சேர்ந்துவிட்டேன் என்று வந்து நின்றான். கூத்தாடுகிறவனுக்கு இந்த வீட்டில் தட்டு கிடையாது என்று நான்தான் சொன்னேன். சொல்லி எட்டு மாதம். அன்றைக்குப் போனவன் இந்தப் பக்கம் தலைகாட்டவில்லை. "சின்ன மீன், பெரிய வலை" என்கிற இந்த நாடகம் ஆரம்பித்த முதல் வாரம் அப்பாவிடம் இரண்டு பாஸ் கொடுத்து அனுப்பினான். அதை நான் நாலாகக் கிழித்துக் குப்பைக்கூடையில் போட்டேன். அதெல்லாம் உனக்குத் தெரியும். சனிக்கிழமையோடு குரோம்பேட்டையில் கடைசி ஆட்டம், திங்கட்கிழமை கம்பெனி மொத்தமும் மதுரை, கோயம்புத்தூர், அப்புறம் மலேசியா என்று ஆறு மாதம் கிளம்புகிறது என்றும் எழுதியிருந்தாய். அந்த ஆறு மாதம்தான் என்னை உறுத்தியது. கிழித்த கையால் மறுபடியும் பாஸ் கேட்க எனக்கு முகமில்லை. சரி, யாருக்கும் தெரியாமல் ஐம்பது ரூபாய் கொடுத்துப் பார்த்துவிட்டு வந்துவிடுவோம் என்று முடிவு செய்தேன். பெண்கள் ஐக்கியத்தில் அதிகாலை ஜெபம் என்று அப்பாவிடம் பொய் சொன்னேன். அவர் நல்ல வேளையாக எனக்கு முன்பே வாக்கிங் போகிறேன் என்று கிளம்பிவிட்டார்.

ஐந்தரை மணி ரயிலைப் பிடித்து குரோம்பேட்டையில் இறங்கி சாக்கடையும் மழைத்தண்ணீரும் கலந்து ஓடுகிற தெருவில் புடவையைத் தூக்கிக்கொண்டு ஆறு மணிக்கு அரங்கத்து வாசலுக்குப் போய்ச் சேர்ந்தேன். அங்கே வரிசை இருந்தது, மனிதர்களைத்தான் காணோம். கவுண்டரிலிருந்து கேட் வரைக்கும் செருப்பு, செங்கல், ஹெல்மெட், மூடியில்லாத பிளாஸ்டிக் குடம், துணிப் பைகள், ஒரு தேய்ந்த பிரஷ், அதற்கும் ஓர் இடம். ரேஷன் கடையில் மண்ணெண்ணெய்க்குக் கல் வைத்துவிட்டுப் போகிற அதே புத்தியை நாடகக் கொட்டகைக்கும் கொண்டுவந்துவிட்டார்கள். அந்தச் செருப்புகளில் ஒன்றில் சாணி ஒட்டியிருந்தது, அதற்குப் பின்னால் நான் நிற்க வேண்டுமாம். உயிரோடு நின்றவர்கள் பதினோரு பேர், எல்லோரும் இந்தச் சாமான்களுக்குப் பின்னால் மழையில் நனைந்துகொண்டு மரியாதையாக நிற்கிறார்கள். முப்பத்தொரு வருஷம் பள்ளிக்கூடத்தில் காலை அசெம்பிளி வரிசை நிறுத்தியவள் நான், பொறுப்பேனா? குடையை மடக்கி அதன் முனையால் ஒவ்வொன்றாகத் தள்ளிச் சுவரோரம் ஒதுக்கினேன். பனியனும் கைலியுமாக ஒருவன் ஓடிவந்தான். சிட்டிபாபு என்று பெயராம், அதில் பன்னிரண்டு சாமான் அவனுடையது, டிக்கெட்டை வாங்கி வாசலிலேயே முந்நூறுக்கு விற்கிறவன். யம்மா, இன்னா காலைலயே பேஜார் பண்ற, கல்லுன்னா கல்லு இல்ல, ஒவ்வொரு கல்லும் ஒரு ஆளு என்றான். அப்படியானால் கல்லே உள்ளே போய் நாடகம் பார்க்கட்டும், நீ ஏன் டிக்கெட் வாங்குகிறாய் என்று கேட்டேன். பின்னால் நின்ற பூவம்மாள் என்கிற மீன்காரப் பெண்மணி, கோவளத்துப் பக்கமிருந்து வந்து குரோம்பேட்டையில் கூடை வைப்பவளாம், விழுந்து விழுந்து சிரித்தாள். நல்லா கேட்டீங்கக்கா, நானும் மூணு நாளா செருப்புக்குப் பின்னாடி நின்னுகினு கீறேன், ஒரு நாளும் சீட்டு கெடைக்கல என்றாள். அதற்குப் பிறகு மற்றவர்களும் கைகொடுத்தார்கள், ஐந்து நிமிஷத்தில் உயிருள்ளவர்கள் மட்டும் வரிசையில் நின்றோம்.

இதில் வெட்கக்கேட்டைக் கேள். கடைசியாகக் குடையால் தள்ளிய பை காக்கித் துணிப் பை. தள்ளிய பிறகுதான் மூலையைப் பார்த்தேன், சிவப்பு நூலில் ஹி.சு. என்று நானே தைத்தது, வருஷக்கணக்காக விடைத்தாள் கட்டு சுமந்த என் சொந்தப் பை. உள்ளே கனத்துக்கு நம் காம்பவுண்டுச் சுவரிலிருந்து பெயர்த்த அரைச் செங்கல். ஊரையெல்லாம் திட்டிவிட்டு நிற்கிறேன், என் வீட்டுக் கல் ஒன்பதாவது இடத்தில் ஆள்மாறாட்டம் செய்திருக்கிறது. வாக்கிங் போன மனிதர் எதிர்த்த டீக்கடையில் பெஞ்சின் ஓரமாக ஒடுங்கி உட்கார்ந்திருக்கிறார், நான் போட்ட கூத்து முழுவதையும் பார்த்துவிட்டு வெளியே வரப் பயந்து இரண்டு டீ குடித்திருக்கிறார். கூப்பிட்டு நிறுத்தினேன். உனக்காகத்தான் ஹில்டா இடம் போட்டேன், டிக்கெட்டைக் கையில் கொடுத்தா போவேன்னு நினைச்சேன், நீயே வருவேன்னு கண்டேனா என்றார். அதற்குள் ஆட்கள் சேர்ந்துவிட்டார்கள், அவர் போய் நின்ற இடம் நாற்பத்து மூன்று. கவுண்டரைத் திறந்த வேதாசலம் என்கிற பெரியவர் தலைக்கு ஒன்று என்று எண்ணிக் கொடுத்து நாற்பதோடு ஷட்டரை இறக்கிவிட்டார். சிட்டிபாபுவுக்கு ஒரே டிக்கெட், அவன் என்னைப் பார்த்த பார்வையை விடு. அப்பாவுக்கு இல்லை. பரவாயில்லை, நான் பார்த்தாச்சு என்று வாய் தவறிச் சொல்லிவிட்டார். எப்போது, எப்படி என்று கேட்டால், நான் கிழித்துப் போட்ட பாஸைக் குப்பையிலிருந்து பொறுக்கி செல்லோ டேப் ஒட்டி முதல் வாரமே போய் வந்திருக்கிறார். வெங்காயச் சருகோடு கிடந்ததை! முப்பத்திரண்டு வருஷம் இந்த மனிதரோடு குடும்பம் நடத்தியிருக்கிறேன் என்று அருவருத்துப் போனேன். ஆபேல் மேடையில் எந்தப் பக்கம் நிற்பான் என்று மட்டும் கேட்டேன். நீயே போய்ப் பார் என்றார்.

சாயங்காலம் ஆறரைக்கு ஆட்டம். என் இருக்கை கடைசி வரிசையில் இடது கோடி, முன்னால் இரண்டு ஆள் கட்டிப்பிடிக்கிற அளவுக்கு ஒரு தூண், முதுகுக்குப் பின்னால் கழிப்பறை வாசல். அந்த நாற்றத்தை எழுதினால் இந்தக் காகிதமே நாறும். அது போதாதென்று கழிப்பறை வாசல் விளக்கு என் தலைக்கு நேர் மேலே, ஆட்டம் முழுக்க அணைக்கவே இல்லை, இருட்டுக் கொட்டகையில் நான் ஒருத்தி மட்டும் வெளிச்சத்தில் உட்கார்ந்திருந்தேன். பக்கத்தில் பூவம்மாள். முன் வரிசையில் ஒருவர் செல்போனில் சிமெண்ட் மூட்டை விலை பேசுகிறார், இன்னொருவர் சமோசா தின்று எண்ணெய்க் கையை இருக்கையில் துடைக்கிறார். மேடையில் பாதியைத் தூண் மறைத்தது, தெரிந்த பாதியிலும் பட்டுப்புடவை கட்டிய மீன்காரி. இப்படி இடுப்ப ஆட்டிகினு நடந்தா கூடை கீழ விழாதா, மீனை நாய் தின்னாதா என்று பூவம்மாளே காறித் துப்பாத குறை. சங்கீதம் நன்றாகத்தான் இருந்தது, இருபது பேர் நேரில் வாசித்தார்கள், இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் அரைமணி நேரம் ஒவ்வொரு முகமாகத் தேடினேன். ஆபேல் இல்லை. பாடுகிறவர்களில் இல்லை, ஆடுகிறவர்களில் இல்லை, வாசிக்கிறவர்களிலும் இல்லை. படிப்பையும் வீட்டையும் விட்டு வந்த பிள்ளைக்கு ஓரமாக நிற்கக்கூட ஓர் இடம் தரவில்லையா என்று எனக்கு வயிறு எரிந்தது. எழுந்து போய்விடலாம் என்று குடையை எடுக்கக் குனிந்தேன்.

குனிந்தபோதுதான் தெரிந்தது. தூணுக்கும் சுவருக்கும் நடுவில் ஒரு சந்து, அதன் வழியாக மேடையின் வலது ஓரத்துத் திரைக்கு உள்ளே பார்க்கலாம். ஐந்நூறு கொடுத்தவர்களுக்கும் ஆயிரம் கொடுத்தவர்களுக்கும் அந்த இடம் தெரியாது. அங்கே கறுப்புச் சட்டையில் வெறுங்காலோடு உன் தம்பி மண்டியிட்டிருந்தான். மேடை முழுக்க ஒரு நீலத்துணி கடலாக விரிந்து கிடந்தது, அதன் ஒரு முனை அவன் வலது கையில். அவன் உதறினால் கடலில் அலை வருகிறது, தாழ்த்தினால் அடங்குகிறது. நடிக்கிற எல்லோருடைய வசனமும் அவன் உதட்டில் ஓடுகிறது. ஜோசலின், ஓய்ந்திருந்த அந்த இடது கையைப் பார்த்தேன். பெருவிரல் மற்ற விரல்களின் கணுக்களை ஒவ்வொன்றாகத் தொட்டுக்கொண்டு போகிறது. தாளத்தை எண்ணுகிறான். இரண்டாம் வகுப்பில் வாய்ப்பாடு வராமல் அழுதபோது விரலுக்கு மூன்று கணு என்று நான் பிடித்துக் காட்டிய அதே எண்ணிக்கை, அதே மாதிரி சுண்டுவிரலிலிருந்து ஆரம்பிக்கிறான். மெலிந்துவிட்டான், முழங்கை எலும்பு துருத்திக்கொண்டு நிற்கிறது. மேடையில் அதற்கப்புறம் என்ன நடந்தது என்று எனக்குத் தெரியாது. இன்னாக்கா, எல்லாரும் மேடையப் பார்த்தா நீங்க சைடுல இன்னா பார்த்துகினு கீறீங்க என்று பூவம்மாள் கேட்டாள். அதோ அலையை ஆட்டுகிறானே, அவன் என் மகன் என்றேன். எட்டு மாதமாக அந்த வார்த்தையை நான் யாரிடமும் சொல்லவில்லை. அவளும் என் தோளில் சாய்ந்து அந்தச் சந்து வழியாகப் பார்த்தாள். ஒரே ஒரு இடத்தில் தப்பு செய்தான், புயல் பாட்டு முடிந்து வாத்தியமெல்லாம் நின்ற பிறகு ஓர் அலை கூடுதலாக வந்தது. எனக்குச் சுருக்கென்றது. கடைசியில் எல்லோரும் மேடையில் வந்து கும்பிட்டார்கள், ஜனங்கள் எழுந்து நின்று கைதட்டினார்கள், அவனை மட்டும் யாரும் மேடைக்குக் கூப்பிடவில்லை. அதில் எனக்கு மனதே ஆறவில்லை.

உள்ளே போய்ப் பார்க்கக் கால் வரவில்லை. பாதி டிக்கெட்டின் பின்பக்கம், ஞாயிறு மதியம் சாப்பிட வா, தட்டு இருக்கிறது என்று எழுதி வேதாசலத்திடம் கொடுத்துவிட்டு, ஆட்டம் முடியும்வரை மழையில் வாசலிலேயே நின்ற உன் அப்பாவைக் கூட்டிக்கொண்டு வீடு வந்தேன். நேற்று ஆராதனை முடிந்து வந்து வஞ்சிரம் வறுத்து வைத்தேன். ஒன்றரை மணிக்கு வந்தான். அப்பாதான் தவளையைப் பற்றி எங்கள் இரண்டு பேருக்கும் சேர்த்துப் பேசினார். பரீட்சையைப் பற்றிக் கேட்கக்கூடாது என்று நாக்கைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஆனால் டீச்சர் புத்தி எங்கே போகும், புயல் பாட்டில் ஏன் ஓர் அலை கூடிப்போனது என்று கேட்டுவிட்டேன். குனிந்துகொண்டே சொன்னான், நான் நிக்கிற எடத்துல இருந்து பார்த்தா ஆடியன்ஸ்ல ஒரே ஒரு சீட்டுதாம்மா தெரியும், அந்த பாத்ரூம் லைட்டுக்குக் கீழ இருக்கே, அது. ஏழு வாரமா தினம் அதுல யாராவது உட்கார்ந்திருப்பாங்க, நான் ஒரு தடவை பார்த்துட்டு வேலையைப் பார்ப்பேன். நேத்து பார்த்தா நீ. எண்ணுறது விட்டுப்போச்சு என்றான். ரசம் கொதிக்கிறது என்று சொல்லி அடுப்படிக்குப் போய்விட்டேன். அங்கே நின்று நன்றாக அழுதேன், ரசம் நிஜமாகவே பொங்கி அடுப்பெல்லாம் வழிந்துவிட்டது.

இன்று காலை தாம்பரம் ஸ்டேஷனில் கம்பெனியோடு மதுரைக்கு ரயிலேற்றிவிட்டு வந்தோம். இதனால் கூத்தாடிப் பிழைப்பு எனக்குப் பிடித்துவிட்டது என்று நினைத்துக்கொள்ளாதே. அந்தக் கழிப்பறையையும் அந்தச் செருப்பு வரிசையையும் நினைத்தால் இப்போதும் குமட்டுகிறது, விட்ட செமஸ்டரை அவன் எழுதித்தான் ஆக வேண்டும், அதைச் சொல்ல எனக்கு நேரம் வரும். ஆண்டவர் உங்கள் மூவரையும் அந்த வெயிலிலும் வேலையிலும் சோர்ந்துபோகாமல் தாங்கி நடத்தட்டும், குழந்தைக்கு என் முத்தம், மாப்பிள்ளைக்கு எங்கள் ஆசீர்வாதம். இரும்புச்சத்து மாத்திரையை மறக்காமல் சாப்பிடு. அடுக்களையில் நடந்ததை ஆபேலுக்குச் சொல்லிவிடாதே. ஒரு காரியம் மட்டும் செய். கோயம்புத்தூரில் ஜனவரியில் ஆட்டமாம், அந்தக் கொட்டகையில் அவன் நிற்கிற இடத்திலிருந்து எந்த இருக்கை தெரியும் என்று நீ கேட்பதுபோலக் கேட்டு எனக்கு எழுது. காலையில் எத்தனை மணிக்கு வரிசையில் நிற்க வேண்டும் என்பதையும் சேர்த்துக் கேள்.

இப்படிக்கு,
உன் அம்மா
ஹில்டா சுந்தர்சிங்