பாட்டுக்கும் பாட்டுக்கும் நடுவே

மார்ச் 1, சனி

அம்மாவின் மணிக்கட்டு மாவுக்கட்டைப் பிரிக்க இன்னும் ஒரு மாதம் ஆகுமாம். அதுவரை தம்பியின் முடியை யார் வெட்டுவது? சின்ன வயதிலிருந்து அம்மாதான் வெட்டிவிடுகிறாள். சலூனின் மெஷின் சத்தம், டீவி, பவுடர் வாசனை, எதுவும் அவனுக்கு ஆகாது. நூலகத்தில் புத்தகம் அடுக்கும் முப்பத்திரண்டு வயது ஆள்தான், ஆனால் சத்தம் அவனுக்கு உடம்பில் வலிக்கும். இப்போது முடி காதைத் தொடுகிறது. அதுவும் ஆகாது. தலையை ஒரு பக்கம் சாய்த்துக்கொண்டே சாப்பிடுகிறான். பார்க்கச் சகிக்கவில்லை.

தெருமுனை சலூன் அண்ணன் செவ்வாய்க்கிழமை காலையில் இப்படிப்பட்டவர்களுக்கென்றே கடை திறக்கிறாராம். டீவி இல்லை, மெஷின் இல்லை, கத்திரி மட்டும். "மெல்லிசா ஏதாவது மியூசிக் ஓடினா நல்லாயிருக்கும்னு தோணுது. நீங்க ரேடியோல பாட்டு போடறவங்களாச்சே, எடுத்துக் குடுங்களேன்" என்றார்.

கேட்க வேண்டுமா? எனக்குத் தலைகால் புரியவில்லை.

மார்ச் 3, திங்கள்

தொகுத்து முடித்தேன். தாளம் கிடையாது, குரல் கிடையாது. புல்லாங்குழல், பியானோ, செல்லோ. ஒன்று தேய்ந்து மறையும்போதே அடுத்தது அடியிலிருந்து எழுந்து வருகிறது. எங்கே ஒட்டினேன் என்று எவனாலும் கண்டுபிடிக்க முடியாது. ரேடியோவில் எங்களுக்குப் பயம் ஒன்றே ஒன்றுதான், சத்தமே இல்லாத நேரம். இரண்டு விநாடி சும்மா போனாலும் மேலதிகாரியிடமிருந்து போன் வந்துவிடும். அந்தப் பழக்கத்தில் கை தானாகவே வேலை செய்தது. பிரமாதமாக வந்திருக்கிறது, நானே சொல்லிக்கொள்கிறேன்.

தம்பிக்குப் போட்டுக் காட்டலாமா? வேண்டாம். அங்கேயே கேட்டு அசந்துபோகட்டும்.

மார்ச் 4, செவ்வாய்

எழுதக் கை கூசுகிறது.

மார்ச் 5, புதன்

எழுதித்தான் ஆகவேண்டும்.

நேற்று சலூனில் முதல் பாட்டு ஓடும்வரை நன்றாகத்தான் உட்கார்ந்திருந்தான். சலூன் அண்ணன் சொல்லிச் சொல்லித் தொட்டார் – "இப்ப வலது காதுகிட்ட வர்றேன் தம்பி." வலது பக்கம் முடிந்தது. புல்லாங்குழல் இறங்கி செல்லோ ஏறிய இடத்தில் தம்பியின் கை நாற்காலியை இறுக்கிப் பிடித்தது. நான் பார்த்தேன். பார்த்துவிட்டு, ஆரம்பம் சரியாகக் கேட்கவில்லை போல என்று ஸ்பீக்கர் பெட்டியில் சத்தத்தைக் கொஞ்சம் கூட்டினேன். நான்தான் கூட்டினேன்.

அடுத்த ஒட்டு வந்ததும் துணியோடு எழுந்து சுவரோரம் போய்க் காதைப் பொத்திக்கொண்டான். முனகினான். வரிசையில் காத்திருந்தவர்கள் தரையைப் பார்த்தார்கள், நாகரிகம் தெரிந்தவர்கள். எனக்கு மட்டும் அது இல்லை. "எல்லார் முன்னாடியும் மானத்தை வாங்காதே. உனக்காகத்தானே ராவும் பகலும் உக்காந்து செஞ்சேன்? நடிக்காம வந்து உக்காரு" என்றேன்.

நடிக்காமலாம்! ஐயோ, என்ன வாய் இது. எவன் பேச வேண்டிய பேச்சு அது? அவனைப் பள்ளிக்கூடத்தில் கேலி செய்த பயல்கள் பேசிய பேச்சு. அக்கான்னு கூட உக்காந்திருந்தவ நானே அதைச் சொல்லிட்டேனே.

சலூன் அண்ணன் பெட்டியை அணைத்தார்.

அதோடு விட்டேனா? வீட்டுக்கு வந்ததும் அம்மா கேட்க, "அவன் அடம் புடிச்சான்மா" என்றேன். அம்மா அவனைத் திட்டினாள். அவன் என்னைப் பார்த்தான், அவ்வளவுதான்.

மார்ச் 6, வியாழன்

ஒரு பக்கம் வெட்டியும் ஒரு பக்கம் வெட்டாமலும் இருக்கிறான். வேலைக்குப் போகவில்லை. தொப்பி போட்டு மறைக்கவும் அவனால் முடியாது. நான் மட்டும் ஜம்மென்று ரேடியோவுக்குப் போய்வந்தேன்.

மார்ச் 8, சனி

அவன் அறை வாசலில் நின்று, என்ன ஆச்சு என்று கேட்டேன்.

"ஒண்ணு முடியல. அதுக்குள்ள இன்னொண்ணு வந்துடுச்சு. நான் எதைக் கேக்கறது?"

"சரி, உனக்கு எந்த மாதிரி மியூசிக் புடிக்கும்?"

"இப்பத்தான் கேக்கறே" என்றான். கோபமே இல்லை குரலில். கோபப்பட்டிருந்தால் நானும் இரண்டு வார்த்தை பேசித் தப்பித்திருப்பேன்.

அவனுக்குப் பிடித்தது, பேங்குக்குப் போன் செய்தால் காத்திருக்கச் சொல்லிவிட்டுப் போடுவார்களே, அந்த டிங்-டிங். அதுவா! "அது ஏறாது, இறங்காது. எங்க முடியும்னு தெரியும். முடிஞ்சதும் கொஞ்ச நேரம் சும்மா இருக்கும்" என்றான். எங்கள் நிலையத்தில் தெரிந்தால் சிரிப்பாய்ச் சிரிப்பார்கள். அந்த நினைப்பு முதலில் வந்ததற்கும் வெட்கமாக இருக்கிறது.

மார்ச் 10, திங்கள்

பேங்குக்குப் போன் போட்டுப் பதிவு செய்யப் பார்த்தேன். மற்ற நாளில் காதே தேய்ந்துபோகும், இன்றைக்கென்று உடனே ஒரு பெண் எடுத்துவிட்டாள்.

"சொல்லுங்க மேடம், என்ன உதவி வேணும்?"

"ஒண்ணும் வேணாம்மா. என்னைக் கொஞ்சம் காக்க வைங்க, போதும்."

கழன்ற கேஸ் என்று நினைத்திருப்பாள். வைத்தாள், பாவம், தாராளமாகவே வைத்தாள். ஒட்டுப் போடவில்லை. ஒவ்வொரு முறை முடிந்ததும் வரும் மௌனத்தை அப்படியே விட்டேன். இரண்டு தடவை அதை வெட்டிவிடக் கை போனது.

அம்மாவிடம், அவன் அடம் பிடிக்கவில்லை, தப்பு என்னுடையது என்று சொன்னேன். "அவனைப் போய்த் திட்டிட்டேனேடி!" என்று தலையில் அடித்துக்கொண்டாள். பிறகு, "இதை எங்கிட்ட சொல்லி என்ன பிரயோசனம்? அவன்கிட்ட போய்ச் சொல்லு."

போனேன். தூங்குகிறான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு திரும்பிவிட்டேன். விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

மார்ச் 11, செவ்வாய்

சலூன் வாசலில் பதிவை அவன் கையில் கொடுத்தேன். எப்படியோ வாயைத் திறந்து, "நடிக்கறேன்னு சொன்னது தப்புடா. மன்னிச்சுக்கோ" என்றேன்.

"சரி" என்றான். பிறகு, "நீ உள்ள வராதே."

வெளியே நின்றேன். கண்ணாடி வழியே எல்லாம் தெரிந்தது, எதுவும் கேட்கவில்லை. சலூன் அண்ணன் கத்திரியைத் தாழ்த்திக் காத்திருப்பார், மறுபடி தொடங்குவார். மௌனம் வந்த நேரம் எது, டிங்-டிங் வந்த நேரம் எது, எனக்குத் தெரியவில்லை. தம்பியின் கைகள் மடியிலேயே கிடந்தன. ஒரு தடவை கண்ணைக்கூட மூடினான்.

வெளியே வந்து இடது காதைத் தொட்டுப் பார்த்துக்கொண்டான். தலை நேராக இருந்தது.

"நல்லாயிருக்குடா" என்றேன்.

"அடுத்த மாசம் நானே வந்துக்கறேன்."

"துணைக்கு?"

"வேணாம்க்கா."

சரி என்றேன். நூலகத்துக்கு நேரமாகிவிட்டதென்று வேகமாக நடந்தான். கூடவே போக நாலு அடி எடுத்து வைத்தேன். பிறகு நின்றுகொண்டேன்.