மேல் தாழ்ப்பாள்

மார்ச் 4

தங்கைக்கு,

நீ எடுத்திருக்கும் 'பகல் தூக்கம்' என்ற பத்தொன்பது நிமிடக் குறும்படம் தொடர்பான என் ஆட்சேபங்களைக் கீழே தருகிறேன்.

1. ஜனவரி 11: அப்பாவின் அலமாரியை மட்டும் படம்பிடிக்க வேண்டும் என்று சொல்லி, பூட்டிக் கிடக்கும் அவர் வீட்டுச் சாவியை என்னிடம் வாங்கிப் போனாய். மூன்று நாள் வீடு முழுவதையும் படம்பிடித்திருக்கிறாய். விளக்கு மாட்டுவதற்காகக் கூடத்துச் சுவரில் அடித்த ஆணித்துளைகள் ஏழு. நானே எண்ணினேன்.

2. பிப்ரவரி 2: இது நம் குடும்பக் கதையா என்று தொலைபேசியில் கேட்டேன். "சும்மா கற்பனைதாண்ணா" என்றாய். படத்தில் வரும் தகப்பன் அச்சகத்தில் வேலை பார்க்கிறான். மகனுக்குப் பன்னிரண்டு வயது, மகளுக்கு ஆறு. ஒரு பிற்பகலில் வீட்டைவிட்டுப் போன தாய் திரும்பவே இல்லை. உன் கற்பனைக்கு வேறு வீடு கிடைக்கவில்லை போலும்.

3. பிப்ரவரி 23: சிறு அரங்கொன்றில் முப்பது பேருக்குத் திரையிட்டாய். அவர்களில் ஒருவர் என் அலுவலகத்தில் வரைபடம் போடுபவர். மறுநாள் சாப்பாட்டு இடைவேளையில் என்னிடம் வந்து, "சார், அந்தப் பையன் நீங்கதானா? பாவம் சார்" என்றார். கட்டடங்களில் விரிசல் கண்டுபிடிப்பதையே முப்பது ஆண்டுகளாகத் தொழிலாகக் கொண்ட என்னை, சோற்றுக் கையோடு ஒருவர் பாவம் பார்த்தார்.

4. பிப்ரவரி 25: நீ அனுப்பிய பிரதியை நானே பார்த்தேன். பதினான்காம் நிமிடத்தில் பையன் தாயிடம் பையை எடுத்துக் கொடுத்து வழியனுப்புகிறான். பிறகு கதவைச் சாத்திக் கீழ்த் தாழ்ப்பாளைப் போடுகிறான். அந்தக் காலத்தில் கீழ்த் தாழ்ப்பாள் பழுதாகிக் கிடந்தது. மேல் தாழ்ப்பாள்தான் விழும். பன்னிரண்டு வயதில் அது எட்டாது. நாற்காலி போட்டு ஏற வேண்டும். விசாரிக்காமல் எடுத்த காட்சி.

5. அதே நாள்: முடிவில் உன் குரலிலேயே, "அம்மா என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை" என்கிறாய். இது தவறு. தூங்கிக்கொண்டிருந்த உனக்கு இப்படிச் சொல்ல உரிமை இல்லை.

ஏப்ரல் 6 அன்று ஒரு விழாவில் படம் காட்டப்படவிருப்பதாக அறிகிறேன். அதற்குள் பதினான்காம் நிமிடத்தை நீக்கிவிடு.

உன் தமையன்

மார்ச் 10

அன்புள்ள அண்ணா,

நீ 'அன்புள்ள' போட மறந்துவிட்டாய். பரவாயில்லை, உன் பங்குக்கும் சேர்த்து நானே போட்டுவிடுகிறேன்: அன்புள்ள அண்ணா.

கடிதம் பதிவுத் தபாலில் கடைக்கு வந்தது. நான் யார் வீட்டுக் கல்யாண வீடியோவிலோ மாப்பிள்ளை தும்முவதை வெட்டிக்கொண்டிருந்தேன். முதலாளி உறையைப் பார்த்துவிட்டு, "என்னம்மா, வக்கீல் நோட்டீஸா?" என்று பதறினார். "இல்ல சார், எங்க அண்ணன் பாசமா எழுதியிருக்கு" என்றேன்.

ஆணித்துளைகளை நானே வந்து அடைக்கிறேன். பொய் சொன்னது தப்புதான். நிஜத்தைச் சொல்லியிருந்தால் சாவி தந்திருப்பாயா?

நாற்பத்திரண்டு வருஷமாகக் கேட்காத ஒன்றை இப்போது கேட்கிறேன். அன்றைக்கு நான் கண் விழித்தபோது அம்மா இல்லை. நீ மேஜையில் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தாய். "அம்மா எங்க?" என்றேன். "தெரியாது, நானும் தூங்கிட்டேன்" என்றாய். சாயங்காலம் அப்பாவிடமும் அதையே சொன்னாய். ஆனால் அப்பா வந்து கதவைத் தட்டியபோது, உள்ளே தாழ்ப்பாள் இழுபடும் சத்தம் கேட்டது. வெளியே போனவள் எப்படி உள்ளே தாழ்ப்பாள் போடுவாள்? ஆறு வயதில் இது எனக்குத் தோன்றவில்லை. பதினைந்தில் தோன்றியது. அப்பாவுக்கு ஏன் தோன்றவில்லை என்பது இன்றுவரை புரியவில்லை.

அதற்குமேல் எனக்கு எதுவும் தெரியாது. அதனால்தான் அண்ணா படம் எடுத்தேன். அந்தப் பையனின் முகத்தை நான் ஓர் இடத்தில்கூடக் காட்டவில்லை, கவனித்தாயா? எப்படி இருந்திருக்கும் என்று தெரியாமல் முதுகையே எடுத்தேன்.

இப்போது நீயே நாற்காலி வரைக்கும் எழுதியிருக்கிறாய். அது மட்டுமில்லை, அம்மா பார்க்கவில்லை என்பது 'தவறு' என்கிறாய். அப்படியானால் சரியானது எது என்று உனக்குத் தெரியும்.

அம்மா எங்கேயோ செத்துப்போனதாகச் சேதி வந்து ஒன்பது வருஷம் ஆகிறது. அப்பா போய் இரண்டு வருஷம். உன்னை விட்டால் கேட்க ஆளில்லை. அம்மா என்னைப் பார்த்தாளா? அவளுக்கு நான் வேண்டாதவள் என்று நினைத்தே வளர்ந்துவிட்டேன். இரண்டே வரி எழுது. திட்டியாவது எழுது.

உன் கொசு

மார்ச் 19

தங்கைக்கு,

நேற்று வேலையைப் பாதியில் போட்டுவிட்டு அப்பாவின் வீட்டுக்குப் போனேன். உட்கார முடியவில்லை. இருட்டும்வரை கூடத்துக்கும் வாசலுக்குமாக நடந்தேன். இதையும் நின்றுகொண்டே எழுதுகிறேன்.

அன்று மணி இரண்டரை இருக்கும். அம்மாவின் கையில் ஒரு துணிப்பை. தோளில் நீ. ஆம், உன்னைத் தூக்கிக்கொண்டுதான் அவள் புறப்பட்டாள். நீ கண் விழிக்கவில்லை.

"நீ பெரியவன்டா, சமாளிச்சுக்குவ. இது சின்னது. உங்கப்பாகிட்ட இதையும் அடி வாங்க விட்டுட்டுப் போக மாட்டேன்" என்றாள்.

நான் வாசலை மறித்து நின்றேன். "அப்ப நான் மட்டும் தனியா இருக்கணுமா? பாப்பாவை வெச்சுட்டுப் போ. இல்லேன்னா இப்பவே அச்சகத்துக்கு ஓடி அப்பாவைக் கூட்டிட்டு வருவேன்" என்றேன்.

அப்பா என்ற சொல்லைக் கேட்டதும் அவள் பின்வாங்கினாள். பின்வாங்குவாள் என்று தெரிந்தேதான் சொன்னேன். அவள் உன்னைத் திரும்பவும் கட்டிலில் கிடத்தினாள். "முழிச்சதும் சொல்லு, அம்மா வந்து கூட்டிட்டுப் போவாளாம்னு" என்றாள். தெருமுனையை அடைவதற்குள் மூன்று முறை திரும்பிப் பார்த்தாள். வாசலில் நின்ற என்னைப் பார்க்கவில்லை. நீ படுத்திருந்த ஜன்னலைப் பார்த்தாள்.

பிறகு நாற்காலியை இழுத்துப் போட்டு மேல் தாழ்ப்பாளைப் போட்டேன். அவள் மனம் மாறித் திரும்பி வந்து உன்னைத் தூக்கிக்கொண்டு போய்விடக்கூடாது என்பதற்காகத்தான். நீ எழுந்து கேட்டாய். நான் சொல்லவில்லை. அடுத்த நாளும் சொல்லவில்லை. அவள் பிறகு ஏன் வரவில்லை என்பது எனக்கும் தெரியாது. அதன்பின் அந்த வீட்டில் உன் முதுகில் விழுந்த ஒவ்வோர் அடிக்கும் நான் காரணம் என்பது மட்டும் தெரியும்.

உன் படத்தில் அந்தப் பையன் அம்மாவுக்குப் பை எடுத்துக் கொடுக்கிறான். முப்பது பேர் அவனுக்காக உச்சுக்கொட்டினார்கள். நீ என்னைக் கெட்டவனாகக் காட்டியிருந்தால் ஒரு வரிகூட எழுதியிருக்க மாட்டேன். நல்லவனாகக் காட்டியதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை.

பதினான்காம் நிமிடத்தை நீக்கு, மாற்று, அப்படியே விடு. அது உன் விருப்பம். அந்த ஆட்சேபத்தைத் திரும்பப் பெறுகிறேன். இத்தனையும் தெரிந்த பிறகு நான் உனக்கு அண்ணனா, இல்லையா என்பதற்கு மட்டும் எனக்குப் பதில் வேண்டும். தொலைபேசியில் அழைக்காதே, என் குரலைக் கேட்டால் நீ இரக்கப்பட்டுவிடுவாய். நேரிலும் வராதே. ஆம் அல்லது இல்லை என்று எழுதி, உன் கையெழுத்திட்டு அனுப்பு. மார்ச் 31, மாலைத் தபாலுக்குள் அது என் கையில் இருக்க வேண்டும்.

இப்படிக்கு,
நான்